ஒரு குடம் தண்ணீர், ஒரு அலுமினியப் பட்டை: இழுபடும் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் கிளம்புவதை வீட்டில் அளப்பது எப்படி?

சென்னை வியாசர்பாடியில் ஏதாவது ஒரு லேத் பட்டறை வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். உலோகம் சுருள் சுருளாக உரிந்து விழும். பளபளவென்று இருக்கும் அந்தப் புதுப் பரப்பு, நம் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு வேலையும் செய்கிறது: எலக்ட்ரான்களை உதிர்க்கிறது. சுரண்டினாலும் உதிர்க்கும், உடைத்தாலும் உதிர்க்கும், வெறுமனே பிடித்து இழுத்து நீட்டினாலும் உதிர்க்கும்.

இதை முறையாக ஆராய்ந்தவர் யோஹன்னஸ் கிராமர் என்ற ஜெர்மன் இயற்பியலாளர், 1940களின் கடைசியிலும் 1950ஐ ஒட்டியும். கதிரியக்கமே இல்லாத, புதிதாகத் தேய்த்த உலோகத்தைக் கொண்டுபோய் வைத்தால், கதிரியக்கத்தை எண்ணும் கருவி டிக் டிக் என்று எண்ணத் தொடங்கியது. பரப்பில் வெப்பம் விடும் (எக்ஸோதெர்மிக்) மாற்றம் ஏதோ நடந்து அதனால்தான் எலக்ட்ரான் வருகிறது என்று அவர் நினைத்தார். 'எக்ஸோ எலக்ட்ரான்' என்ற பெயர் அப்படி வந்தது. விளக்கம் பிறகு மாறிவிட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

தண்டையார்பேட்டையில் என் வீட்டு ஹாலில் இதை அளந்திருக்கிறேன். ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. பொறுமை நிறைய வேண்டும், காய்ந்த காற்று கொஞ்சம் வேண்டும். நம் ஊரில் இரண்டாவதுதான் கஷ்டம்.

முதலில், எதை அளக்கப்போகிறோம்?

உலோகத்துக்குள் எலக்ட்ரான் சுதந்திரமாகத் திரியும், ஆனால் வெளியே வர ஒரு சுவரைத் தாண்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த வெளியேற்று ஆற்றல்தான் அது. அலுமினியத்துக்குச் சுமார் 4.2 எலக்ட்ரான் வோல்ட், இரும்புக்கு 4.5, தாமிரத்துக்கு 4.6க்குச் சற்று மேல், மெக்னீசியத்துக்கு 3.7. அறை வெப்பத்தில் எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் வெப்பத் துள்ளலோ 0.025 எலக்ட்ரான் வோல்ட். எட்டவே எட்டாது.

இழுக்கும்போது சூடாகி அதனால் வெளியே வருகிறதோ என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மெத்தென்ற அலுமினியத்தை 20 சதவீதம் நீட்ட, ஒரு கன மீட்டருக்குச் சுமார் 12 மெகாஜூல் வேலை ஆகும். அத்தனையும் வெப்பமாக மாறினாலும் பட்டை 5 டிகிரிதான் சூடேறும். டீ கிளாஸ் அதைவிடச் சூடு. ஆக, சூடு காரணமில்லை.

காரணம் தோல். அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் ஒன்று எப்போதும் இருக்கும். உள்ளே இருக்கும் உலோகம் சீட்டுக்கட்டைச் சாய்த்தாற்போல அடுக்கடுக்காக நழுவி நீளும். மேலே இருக்கும் தோலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அது நொறுங்கும் சாதி. நழுவிய அடுக்கின் விளிம்பு படிக்கட்டு மாதிரி மேலே எழும்போது தோல் கிழிந்து, பச்சை உலோகம் வெளியே தெரிகிறது. அந்த இடத்தில் சுவர் தாழ்வு. கொஞ்சம் புற ஊதா வெளிச்சம் கொடுத்தால் எலக்ட்ரான் தாவிவிடும். வளைவோ இழுப்போ எலக்ட்ரானைத் தள்ளுவதில்லை, கதவைத்தான் திறக்கிறது. தள்ளுவது வெளிச்சம். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

வெளிச்சமே இல்லாத இருட்டிலும் சில எலக்ட்ரான்கள் வரும். விரிசலின் இரு பக்கமும் எதிரெதிர் மின்னேற்றம் தங்கி, நடுவில் வலுவான மின்புலம் உருவாவது அதற்கு ஒரு வழி. ஆனால் அது ஒவ்வொன்றாக எண்ண வேண்டிய அளவு குறைவு, வெற்றிடக் கலம் வேண்டும். வீட்டுக்கு அது ஒத்து வராது.

படி 1: பட்டை

பாரிமுனைத் தகட்டுக் கடைகளில் 0.3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு கேளுங்கள். கலப்பு அதிகமில்லாத சாதா அலுமினியம் போதும். 5 மில்லிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் நீளத்தில் ஆறு பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டிய ஓரத்தை நீளவாக்கில் அரம் போடுங்கள். ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருந்தாலும் பட்டை அங்கேதான் அறுந்துபோகும்.

கடையில் வரும் தகடு உருளையில் நசுங்கி விறைப்பாக இருக்கும். அதை மெத்தென்று ஆக்க வேண்டும். பழைய பட்டறை உத்தி ஒன்று இருக்கிறது: பட்டையில் துணி சோப்பால் ஒரு கோடு இழுத்து, கேஸ் தீயில் மேலும் கீழுமாகக் காட்டுங்கள். சோப்புக் கோடு கருத்ததும் எடுத்துவிடுங்கள். அலுமினியம் பழுக்கச் சிவக்காது, எச்சரிக்காமல் உருகி விழும். அந்த நேரத்தில் சோப்புதான் நமக்குத் தெர்மாமீட்டர். ஆறியபின் கழுவி, அசிட்டோனில் துடைத்து, ஒரு வாரம் டப்பாவில் போட்டு வையுங்கள். தோல் நன்றாகக் கட்டட்டும். அதற்குப்பின் விரல் படக்கூடாது.

ஏன் இந்த அளவு? பட்டையின் குறுக்குப் பரப்பு 1.5 சதுர மில்லிமீட்டர். மெத்தென்ற அலுமினியம் 35 மெகாபாஸ்கலை ஒட்டி நிரந்தரமாக நீளத் தொடங்கும், 90ஐ ஒட்டி அறும். அதாவது சுமார் 5 கிலோவில் தொடங்கி 14 கிலோவுக்குள் முடிந்துவிடும். நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் பிடித்தால் கிட்டத்தட்ட 15 கிலோ. லாரித் தண்ணீர் பிடித்துப் பிடித்துக் கை காய்த்துப்போன குடத்துக்கு ஒருவழியாக விஞ்ஞானத்தில் ஒரு இடம்.

படி 2: டின்

15 கிலோ எண்ணெய் டின் ஒன்று வாங்கி, வெந்நீரில் சோப்பு போட்டுக் கழுவிக் காயவையுங்கள். இது கவசம். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே வராமல் தடுக்கும். மேலும் கீழும் நடுவில் ஒரு ரூபாய் நாணய அளவு ஓட்டை. பட்டை மேலிருந்து கீழாக டின்னைத் தொடாமல் ஊடுருவிப் போக வேண்டும். ஒரு பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஜன்னல் வெட்டி, எஃகு வலையால் மூடி, வலையை டின்னோடு சேர்த்து எர்த் செய்யுங்கள். வெட்டிய டின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நான் போடாமல் மூன்று தையல் வாங்கினேன்.

கூரையில் தூளி கொக்கி இருந்தால் பாக்கியம். பட்டையின் இரு முனைகளையும் போல்ட்டில் இரண்டு சுற்று சுற்றி, இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவில் இறுக்குங்கள். மேல் மரம் கொக்கியில், கீழ் மரம் காய்ந்த நைலான் கயிற்றில், கயிற்றில் குடம். குடத்துக்குக் கீழே ஒரு சாண் இடம் விட்டு ஒரு பழைய தலையணை. பட்டை அறும்போது குடம் விழும், அதற்காக.

படி 3: எலக்ட்ரானைப் பிடிக்கும் வலை

டீ வடிகட்டியின் எஃகு வலையில் தீப்பெட்டி அளவு ஒரு துண்டு வெட்டி, பட்டைக்கு முன்னால் 1 சென்டிமீட்டர் தள்ளி நிறுத்துங்கள். இதுதான் சேகரிப்பான். டெஃப்லான் கட்டை மேல் மட்டும் நிற்க வேண்டும், வேறெதையும் தொடக்கூடாது.

பட்டைக்கு எதிர் (மைனஸ்) 90 வோல்ட். பத்து 9 வோல்ட் பேட்டரிகளை ஒன்றோடொன்று கவ்வவிட்டால் ஆயிற்று. நடுவில் கட்டாயம் 10 மெகாஓம் மின்தடை. அது இருந்தால் தப்பித்தவறிக் கை பட்டாலும் 9 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் போகாது. வெளியே வந்த எலக்ட்ரான் காற்றில் உடனே ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்டு எதிர் அயனியாகும். பரவாயில்லை, அந்த 90 வோல்ட் புலம் அயனியையும் வலைக்கு இழுத்து வந்துவிடும். வலையின் மேல் வெளிச்சம் பட்டு அதிலிருந்தும் எலக்ட்ரான் கிளம்பும், ஆனால் புலம் அதைத் திரும்ப வலைக்கே அனுப்பிவிடும். பட்டை எதிர் மின்னழுத்தத்தில் இருப்பதால் வரும் வசதி இது.

படி 4: பெருக்கி

இங்கேதான் பலர் தோற்பார்கள், ஆகவே நிதானமாக. ஒரு பிகோ ஆம்பியர் (ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) என்றால் வினாடிக்கு 62 லட்சம் எலக்ட்ரான். கேட்கப் பெரிதாக இருக்கும், மின்னோட்டமாக ஒன்றுமே இல்லை. சாதாரண மீட்டருக்கு அது தெரியாது. எல்எம்சி 662 என்ற ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சிப்) வாங்குங்கள், ரிச்சி தெருவில் கிடைக்காவிட்டால் ஆன்லைனில். அது தன் உள்ளீட்டில் தானே குடிக்கும் மின்னோட்டம் 2 ஃபெம்டோ ஆம்பியர் அளவுதான், பிகோவில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. மலிவாகக் கிடைக்கிறதே என்று சிஏ 3140 வாங்காதீர்கள். அது 10 பிகோ ஆம்பியர் குடிக்கும்.

வலையிலிருந்து வரும் கம்பி சிப்பின் இரண்டாம் காலுக்கு. அந்தக் காலுக்கும் ஒன்றாம் காலுக்கும் நடுவே 1 கிகாஓம் மின்தடை, அதற்கு இணையாக 100 பிகோ ஃபாரட் பாலிஸ்டைரின் கெப்பாசிட்டர். மூன்றாம் கால் எர்த். ஐந்தாம் காலையும் எர்த் செய்து, ஆறையும் ஏழையும் சேர்த்துவிடுங்கள், சும்மா இருக்கும் பாதி ஆட்டம் போடாது. மின்சாரத்துக்கு நான்கு நான்கு பென்டார்ச் செல்லாக இரண்டு அடுக்கு, நடுப்புள்ளி எர்த். இப்போது ஒரு பிகோ ஆம்பியருக்கு ஒன்றாம் காலில் 1 மில்லிவோல்ட் கிடைக்கும். சாதா மல்டிமீட்டரே படிக்கும்.

ஒரே ஒரு கட்டளை: இரண்டாம் காலைப் போர்டில் பற்றவைக்காதீர்கள். மேலே மடக்கி, அந்தரத்திலேயே கம்பியோடு சேர்த்துப் பற்றவையுங்கள். போர்டின் பரப்பு வழியாகக் கசியும் மின்னோட்டம் நாம் தேடுவதைவிடப் பல மடங்கு இருக்கும். அதுவும் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் உப்பு எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாமல் படிந்து, ஈரம் பட்டதும் மின்கடத்தியாகிவிடும். டெஃப்லானையும் மின்தடையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பிறகு இடுக்கியால் மட்டுமே தொடுங்கள். பெருக்கி முழுவதும் டின்னுக்குள்ளேயே, வலைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். நீளமான கம்பி வேண்டாம்.

படி 5: வெளிச்சம்

குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தில் இருக்கும் யூவி குழாய் 254 நானோமீட்டரில் எரியும். ஒவ்வொரு ஒளித்துகளிலும் 4.9 எலக்ட்ரான் வோல்ட். அலுமினியத்தின் 4.2ஐத் தாண்ட அது தாராளம். உதிரிபாகக் கடையில் சோக்கோடு சேர்த்தே தருவார்கள். ஓசோன் வராத வகையாகப் பார்த்து வாங்குங்கள். ரூபாய் நோட்டு பார்க்கும் விளக்கு 365 நானோமீட்டர், 3.4 எலக்ட்ரான் வோல்ட்தான். அலுமினியத்துக்குப் பத்தாது.

வெல்டிங் வெளிச்சத்தை நேரே பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கக் கண்ணில் மணல் போட்டாற்போலத் துடித்தவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். இந்தக் குழாயும் அதையேதான் செய்யும், ஆனால் பார்க்க மங்கலான நீலமாகச் சாதுவாக இருக்கும். அதுதான் ஆபத்து. ஜன்னலுக்கு வெளியே குழாயை வைத்து, மேலே இன்னொரு டின்னைக் கவிழ்த்து முழுவதும் மூடிய பிறகே சுவிட்ச் போடுங்கள். பட்டை நுழையும் ஓட்டைகளைச் சுற்றிக் கருப்புத் துணி. வீட்டில் குழந்தை இருந்தால் அறைக்கதவு பூட்டியிருக்கட்டும்.

படி 6: நாள் பார்ப்பது

ஜோசியம் இல்லை, வானிலை. சித்திரை, வைகாசியில் மேற்கிலிருந்து அனல்காற்று அடித்து, கடற்காற்று பிற்பகல் வரை உள்ளே வராத நாட்கள் உண்டு. ஊரே திட்டும் அந்த முற்பகல்தான் நமக்குப் பொன்னான நேரம், ஈரப்பதம் குறைந்திருக்கும். மற்ற நாட்களில் ஏசி அறையில் செய்யுங்கள், டின்னுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு ஒரு ராத்திரி விட்டு வையுங்கள். கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் வேண்டாம். புகைத்துகளில் அயனி ஒட்டிக்கொண்டால் வலைக்கு வந்து சேர வெகுநேரம் ஆகும்.

படி 7: பொய்யைக் கண்டுபிடிப்பது

உண்மையான அளவீட்டுக்கு முன் இதற்கே ஒரு நாள் ஒதுக்குங்கள். என் முதல் ஓட்டத்தில் தண்ணீர் ஊற்ற ஊற்ற மீட்டர் அழகாக ஏறி இறங்கியது. எனக்குக் கை உதவிக்கு வந்த பக்கத்து வீட்டுத் தம்பி, "இன்னாண்ணா, இவ்ளோ ஈசியா வந்துச்சு!" என்றான். வந்தது எலக்ட்ரான் இல்லை. குடம் ஆடியது, பட்டையும் சேர்ந்து ஆடியது, வலைக்கும் பட்டைக்கும் உள்ள இடைவெளி மாறியது. 90 வோல்ட்டில் நிற்கும் பட்டை வலையை நெருங்கி விலகினாலே மின்னேற்றம் ஓடும். கெப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றம் பிடித்துவைக்கும் திறன்) ஒரு வினாடியில் ஒரு பிகோ ஃபாரடில் நூறில் ஒரு பங்கு மாறினால் போதும், கிட்டத்தட்ட 1 பிகோ ஆம்பியர். விளக்கைப் போடவே மறந்திருந்தோம் என்பது பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது.

ஆகவே முதல் சோதனை: விளக்கை அணைத்துவிட்டு ஒரு பட்டையை முழுவதும் இழுத்துப் பாருங்கள். மேலும் கீழும் ஆடி, அடங்கியதும் பழைய இடத்துக்கே வர வேண்டும். இரண்டாவது: விளக்கு எரியும்போது ஜன்னலுக்கும் விளக்குக்கும் நடுவில் சாதா ஜன்னல் கண்ணாடி ஒன்றைச் செருகுங்கள். கண்ணாடி இந்தப் புற ஊதாவை விடாது, 1887இல் ஹெர்ட்ஸ் கவனித்த அதே விஷயம். மீட்டர் சட்டென்று விழுந்தால், வருவது ஒளியால் கிளம்பிய எலக்ட்ரான். விழவில்லையென்றால் எங்கோ கசிவு, திரும்பப் படி 4. மூன்றாவது: பேட்டரியைத் திருப்பிப் போட்டுப் பட்டையை நேர் 90 ஆக்குங்கள். பட்டை எலக்ட்ரானை விடாது. இப்போது வலை உமிழ்வது எதிர்த்திசையில் தெரியும். அது எவ்வளவு என்று குறித்துவையுங்கள்.

படி 8: ஊற்றுங்கள்

விளக்கைப் போட்டுப் பதினைந்து நிமிடம் விடுங்கள், குழாய் நிதானத்துக்கு வரட்டும். மல்டிமீட்டரைச் செல்போன் கேமராவில் பதிவு செய்துகொண்டே, அரை லிட்டர் குவளையால் குடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். புனலில் குழாய் மாட்டிக் குடத்தின் அடிவரை விட்டால் ஆட்டம் குறையும். ஒவ்வொரு குவளைக்கும் பின் ஒரு நிமிடம் காத்திருங்கள். ஆட்டம் அடங்கிய பிறகு இருக்கும் எண்தான் கணக்கு. கூடவே கீழ் மரத்தில் ஒட்டிய ஸ்கேலைப் பார்த்து நீட்சியையும் எழுதுங்கள்.

முதல் நான்கைந்து லிட்டருக்கு ஒன்றும் நடக்காது. பட்டை ரப்பர் மாதிரி மீளக்கூடிய எல்லைக்குள் இருக்கிறது, தோல் முழுசாக இருக்கிறது. அதன்பிறகு ஸ்கேலில் மில்லிமீட்டர் கணக்கில் நகரத் தொடங்கும். அங்கிருந்து ஒவ்வொரு குவளைக்கும் எண் ஏறி, காத்திருக்கும் நிமிடத்தில் மெல்ல இறங்கும். ஏறுவது தோல் கிழிவது, இறங்குவது காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் நீராவியும் கிழிந்த இடத்தில் புதுத்தோல் கட்டுவது.

பட்டை நீண்டதால் பரப்பு அதிகமாகிவிட்டதோ என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வலைக்கு எதிரே இருக்கும் நீளம் மாறவில்லை, அகலம் குறைகிறது. 20 சதவீதம் நீண்டால் அகலம் சுமார் 9 சதவீதம் சுருங்கும். பரப்பு மட்டுமே காரணமாக இருந்திருந்தால் மீட்டர் இறங்கியிருக்க வேண்டும்.

ஏற்றம் ரொம்பச் சின்னதாக இருந்தால் சோர்ந்துவிடாதீர்கள். 254 நானோமீட்டர் கொஞ்சம் முரட்டு வெளிச்சம். கிழியாத மெல்லிய தோல் வழியாகவும் எலக்ட்ரானைக் கிளப்பிவிடும், அந்தப் பின்னணியில் நம் ஏற்றம் அமுங்கிப்போகும். இரண்டு வழி உண்டு. ஒன்று, பட்டையை அனோடைசிங் (மின்சாரத்தால் ஆக்சைடு ஏற்றுவது) செய்யும் இடத்தில் கொடுத்து மிக மெல்லிய படலம் ஏற்றச் சொல்லுங்கள். தோல் கனமானால் பின்னணி விழுந்துவிடும், கிழிசல் மட்டும் பளிச்சென்று தெரியும். 1970களில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் பாக்ஸ்டர் என்பவரால் ஆக்சைடு படலம் ஏற்றிய அலுமினியத்தில் இதே வழியில், பெரிய விரிசல் விழுவதற்கு முன்பே எந்த இடம் வளைந்து வளைந்து களைத்திருக்கிறது என்று பார்க்க முடிந்தது. இரண்டாவது வழி, 254க்குப் பதிலாக 275 நானோமீட்டர் எல்இடி. 4.5 எலக்ட்ரான் வோல்ட், சுவரின் உச்சியை லேசாகத் தாண்டும் அளவு. வெளிச்சம் குறைவு, ஆனால் வித்தியாசம் துல்லியம். கண்ணுக்கு ஆபத்து இதிலும் அதேதான்.

படி 9: அறுந்த பிறகு

பட்டை அறுந்ததும் விளக்கை அணையுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், அப்புறம் தரையைத் துடையுங்கள். அறுந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். உடனே அதை வலைக்கு எதிரே நிறுத்தி, மூடி, பேட்டரியையும் விளக்கையும் மறுபடி போட்டு, ஒரு மணி நேரம் வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணை எழுதுங்கள். இழுக்காமல் வைத்த இன்னொரு பட்டையின் எண்ணை நோக்கி அது எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பது உங்கள் அறைக் காற்றைப் பொறுத்தது. ஏசி அறையில் ஒரு நாள், ஜன்னல் திறந்த மழைநாள் சாயங்காலம் ஒரு நாள் என்று இரண்டு வரைபடம் போட்டுப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு அதே துண்டை 400 எண் எமெரி தாளில் நான்கு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி வையுங்கள். மீட்டரின் அளவெல்லையைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு.